பின்விளக்கைக் கருப்பாக்கும் முன்: சிங்கப்பூரில் புதிதாகக் கார் வாங்குவோருக்கு

நான் வாங்கிய செகண்ட்ஹாண்ட் காரில் பின்விளக்கு இரண்டும் புகை படிந்த கண்ணாடி மாதிரிக் கருப்பாக இருந்தன. விற்றவர் அதை ஒரு கூடுதல் அழகாகத்தான் சொன்னார். எனக்கும் பார்க்க நன்றாகவே இருந்தது, விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு மழை நாளில் உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் வெஸ்ட் வரைக்கும் என் மனைவியின் தம்பி மோட்டார்சைக்கிளில் என் பின்னாலேயே வந்தான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அத்தான், நீங்க பிரேக் போட்டதே தெரியல. வண்டி கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சது."

அதற்கு அடுத்த மாதம் சாலை வரி புதுப்பிக்க வாகனச் சோதனைக்குப் போனேன். தேறவில்லை. காரணம் அதே பின்விளக்கு. அங்கிருந்து எல்லாவற்றையும் சரிசெய்து சாலை வரி கட்டி முடிக்க எனக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று, 500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் செலவானது. புதிதாக இங்கே வந்து கார் வாங்குகிறவர்கள், அதிலும் ஊரில் கார் ஓட்டிப் பழகி "விளக்குக்கு ஃபிலிம் ஒட்டுவது என்ன பெரிய விஷயம்" என்று நினைக்கிறவர்கள், இந்த அலைச்சலில் மாட்டக்கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. ஜன்னல் விதியையும் விளக்கு விதியையும் போட்டுக் குழப்பாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கார் ஜன்னலுக்கு டின்ட் (வெளிச்சத்தைக் குறைக்கும் அடர்நிற ஃபிலிம்) ஒட்டலாம், அதற்கு இங்கே தெளிவான அளவு இருக்கிறது. முன் கண்ணாடியும் முன் பக்கவாட்டு ஜன்னல்களும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பின் பக்கவாட்டு ஜன்னல்களும் பின் கண்ணாடியும் குறைந்தது 25 சதவீதம் விட வேண்டும். இந்த எண்கள் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அதனால் விளக்குக்கும் இப்படி ஏதோ ஒரு சதவீதம் இருக்கும், "லைட் ஸ்மோக்" என்னும் லேசான கருப்பைப் போட்டால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

விளக்குக்கு அந்தச் சலுகை இல்லை. விளக்கின் மேல் கருப்பு ஃபிலிம், கருப்பு ஸ்ப்ரே எதுவாக இருந்தாலும் அது அனுமதி இல்லாத மாற்றம்தான். பின்விளக்கும் பிரேக் விளக்கும் சிவப்பு, திரும்பும் சிக்னல் மஞ்சள், பின்னோக்கி நகரும்போது எரிவது வெள்ளை, எண்பலகை விளக்கு வெள்ளை. இந்த நிறங்கள் அப்படியே தெரிய வேண்டும், போதுமான வெளிச்சத்தோடு தெரிய வேண்டும்.

சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும். "எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒட்டியது" என்பது ஒரு பதில் ஆகாது. கார் இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது, சாலையில் ஓட்டுவதும் நீங்கள்தான்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி கேட்கத் தேவையில்லாதவை, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியவை, அறவே கூடாதவை. ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. காரில் எதைத் தொடுவதற்கு முன்னும் பத்து நிமிடம் ஒதுக்கி அதைப் படித்துவிடுங்கள்.

2. கடைக்காரர் சொல்லும் மூன்று பேச்சுகள்

நான் பிரச்சினையைச் சரிசெய்யப் போன இடங்களில்கூட இவற்றைக் கேட்டேன், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் பேச்சு: "சோதனைக்குப் போகும்போது உரித்துவிடுங்கள், முடிந்ததும் வாங்க, மறுபடி ஒட்டித் தருகிறேன்." சோதனை நிலையத்தில் மட்டும்தான் விதி செல்லும் என்று நினைத்தால்தான் இது சரி. சாலையோரத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைவிட முக்கியம், சோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு நாள், பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரர் தினமும் வருகிறார்.

இரண்டாவது: "மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் பாதி விலைக்கு ஒட்டித் தருவார்கள்." விலை குறைவு என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த ஊரில் ஒட்டினாலும் சிங்கப்பூரில் பதிவான கார் சிங்கப்பூர் விதிக்குத்தான் கட்டுப்பட்டது.

மூன்றாவது: "கம்பெனியிலிருந்தே கருப்பாக வருகிற கார்கள் இருக்கிறதே?" இருக்கின்றன. ஆனால் அவை வேறு. தயாரிக்கும்போதே அந்த மூடியின் நிறத்துக்கு ஏற்ப உள்ளே பல்பையும் பிரதிபலிப்பானையும் அமைத்து, முழு விளக்கையும் சோதித்துச் சான்று வாங்கியிருப்பார்கள். சாதாரண சிவப்பு மூடிக்காகக் கணக்குப் போட்டுச் செய்த விளக்கின் மேல் நாம் ஒரு கருப்புத் தாளை ஒட்டினால் அந்தக் கணக்கு முழுதும் போய்விடும்.

3. எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இது புரிந்த பிறகுதான் நான் விளக்கைப் பார்க்கும் பார்வையே மாறியது.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைப்படி சாதாரணமாக எரியும் பின்விளக்கு நேர்ப்பார்வையில் குறைந்தது 4 காண்டலா (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) ஒளி தர வேண்டும், பிரேக் விளக்கு குறைந்தது 60 காண்டலா. "பாதி இருட்டு" ஃபிலிம் ஒன்றை ஒட்டினால் 60 காண்டலா 30 ஆகிவிடும், 4 காண்டலா 2 ஆகிவிடும். இரவில், அக்கம்பக்கம் இருட்டாக இருக்கும்போது, 30 காண்டலாவும் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். அதனால்தான் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்துவிட்டு "நல்லாத்தானே எரியுது" என்கிறோம். மதியம் இரண்டு மணி வெயிலில் அதே விளக்கைப் பாருங்கள். கருப்பு மூடியின் மேல் சூரிய ஒளி பட்டுப் பளபளக்கும், உள்ளே பிரேக் எரிகிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருக்கும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பின்விளக்குக்குள் ஒரு பகுதியில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன முகங்கள் கொண்ட சிவப்புப் பட்டை இருக்கும், சில கார்களில் அது பம்பரில் தனியாக இருக்கும். அதற்கு மின்சாரம் கிடையாது. பின்னால் வருகிற வண்டியின் விளக்கு அதன்மேல் பட்டுத் திரும்பிப் போகும், அவ்வளவுதான். இதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் ஒளி ஒரு தடவை உள்ளே போகும்போது குறைகிறது, திரும்பி வெளியே வரும்போது இன்னொரு தடவை குறைகிறது. பாதி ஒளி விடும் ஃபிலிம் என்றால் மிஞ்சுவது கால் பங்கு. 35 சதவீத ஒளி விடும் ஃபிலிம் என்றால் மிஞ்சுவது 12 சதவீதம்தான். இரவில் விரைவுச்சாலையோரம் பேட்டரி செத்து உங்கள் கார் நின்றுபோனால், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் இருப்பதைச் சொல்ல அந்தப் பட்டை ஒன்றுதான் இருக்கிறது.

தீவு விரைவுச்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். பின்னால் வருகிறவர் உங்கள் பிரேக் விளக்கைக் கவனிக்க அரை நொடி தாமதமானால் 12 மீட்டருக்கு மேல் போய்விடும். ஏறக்குறைய மூன்று கார் நீளம்.

4. உங்கள் காரை நீங்களே சோதியுங்கள்

காசு செலவில்லாத வேலை, ஒரு துணை ஆள் மட்டும் வேண்டும். மூன்று நேரத்தில் பாருங்கள்: உச்சி வெயிலில், மாலை ஏழு மணி சுற்றில் பொழுது சாயும்போது, அப்புறம் மழையில். காரின் பின்னால் சுமார் 30 மீட்டர் தள்ளி நின்றுகொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் முதலில் சாதாரண விளக்கைப் போடட்டும், பிறகு பிரேக்கை மிதித்து மிதித்து விடட்டும். எப்போது மிதித்தார், எப்போது விட்டார் என்று நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு தடவை தடுமாறினாலும் அந்த விளக்கு போதாது.

நான் என் மனைவியை உள்ளே உட்கார வைத்து எங்கள் புளோக்கின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில், தூறலில், இதைச் செய்தேன். பத்தில் நான்கு தடவை தவறாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பழைய வேனின் சிவப்புப் பட்டையில் என் கைபேசி டார்ச்சை அடித்தபோது அது பளீரென்று திருப்பி அடித்தது. என் காரில் அடித்தபோது ஈரக் கருப்பாக ஒரு மினுமினுப்பு மட்டும் வந்தது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது, நான்கு மாதமாக இப்படித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

பின் கண்ணாடிக்குள் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கையும் மறக்காதீர்கள். பின் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும்போது பல இடங்களில் அதையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். அங்கே மட்டும் ஃபிலிமை வெட்டி விடச் சொல்லுங்கள்.

5. எந்த வகைக் கருப்பு என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் தேவையில்லாத வேலைக்குக் காசு கொடுப்பீர்கள். நான் கொடுத்தேன்.

விளக்கின் ஓரத்தில், உடல் தகடும் விளக்கும் சேரும் இடுக்கில் நகத்தை வைத்துத் தடவுங்கள். மெல்லிய விளிம்பு தட்டுப்பட்டால் அது ஃபிலிம். விளிம்பே இல்லாமல் வழவழப்பாக இருந்து, டிக்கியைத் திறந்ததும் விளக்கின் மறைவான ஓரத்தில் மட்டும் இயல்பான சிவப்பு தெரிந்தால் அது ஸ்ப்ரே, மேலே வார்னிஷ் அடித்திருப்பார்கள். மறைவான ஓரம் வரைக்கும் ஒரே கருப்பு என்றால் முழு விளக்கையுமே மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது வகையாக இருந்தால் மூடியில் பொறித்திருக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். ஒரு சின்ன வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனியில் சான்று பெற்றது, 4 என்றால் நெதர்லாந்து, 11 என்றால் பிரிட்டன். அதன் அருகிலேயே அந்த விளக்கு எந்தெந்த வேலைக்குச் சான்று பெற்றது என்பதும் இருக்கும்: ஆர் என்றால் சாதாரணப் பின்விளக்கு, எஸ்1 என்றால் பிரேக், 2ஏ என்றால் பின் சிக்னல், ஏஆர் என்றால் பின்னோக்கி நகரும் விளக்கு, ஐஏ என்றால் நான் மேலே சொன்ன பிரதிபலிப்புப் பட்டை. ஒரு டார்ச்சும் ஈரத்துணியும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். மலிவு விலை "ஸ்போர்ட்" விளக்குகள் பலவற்றில் இந்த எழுத்துகளே இருக்காது, சிலவற்றில் பிரேக் இருக்கும், பிரதிபலிப்புப் பட்டை இருக்காது. முத்திரை இல்லாத விளக்கைத் தொடவே வேண்டாம்.

6. ஃபிலிமாக இருந்தால் உரித்துவிடுங்கள்

இது வீட்டிலேயே செய்யக்கூடியது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து ஒரு மூலையைச் சூடாக்குங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். நகத்தால் மூலையைத் தூக்கி, மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், விளக்கோடு ஒட்டினாற்போலச் சாய்த்து மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் ஃபிலிம் வந்துவிடும், பிசின் தங்கிவிடும். தங்கிய பிசினை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள்.

தின்னரும் அசிட்டோனும் கூடவே கூடாது, நகப்பூச்சு அழிப்பானும்தான். பின்விளக்கு மூடி பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் உள்ளுக்குள் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடும், அதற்கு மருந்து கிடையாது, விளக்கையே மாற்ற வேண்டும். பிளேடால் சுரண்டுவதும் வேண்டாம்.

ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கடையில் கொடுத்தால், நான் விசாரித்தபோது 60 முதல் 120 வெள்ளி வரை கேட்டார்கள்.

7. ஸ்ப்ரேயாக இருந்தால் யோசித்து முடிவெடுங்கள்

என்னுடையது இதுதான். இரண்டு வழி உண்டு: தேய்த்து எடுப்பது, விளக்கையே மாற்றுவது.

தேய்ப்பதென்றால் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) 800, 1000, 1500, 2000, 3000 என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில் பாலிஷ் போட்டு, வெயிலில் மங்காமலிருக்க மேலே தெளிவான பூச்சு அடிக்க வேண்டும். கை பழகியவர் செய்தால் நன்றாக வரும். நான் கொடுத்த இடத்தில் ஒரு பக்கம் நன்றாக வந்தது, இன்னொரு பக்கம் வளைவில் அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள், மூடி மங்கலாகி, கழுவாத கண்ணாடி டம்ளர் மாதிரி ஆகிவிட்டது. 180 வெள்ளி கொடுத்தும் அதை வைத்துச் சோதனைக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் என் யோசனை: ஸ்ப்ரே தடிமனாக இருந்தால், அல்லது மூடியில் வளைவும் மடிப்பும் நிறைய இருந்தால், தேய்க்கக் காசு போடாதீர்கள். நேரே விளக்கை மாற்றுங்கள்.

8. மாற்று விளக்கு வாங்குவது

முதலில் உங்கள் காரின் சேஸிஸ் எண் (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள தயாரிப்பு அடையாள எண்) வேண்டும். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வழியாக ஒன்மோட்டரிங்கில் நுழைந்தால் வாகன விவரங்களில் இருக்கும், அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாடல், இந்த வருடம்" என்று வாயால் சொல்லி விளக்கு வாங்காதீர்கள். ஒரே மாடலில் உள்ளூர் முகவர் கொண்டுவந்த கார் ஒரு மாதிரியும், இணை இறக்குமதியாளர் (முகவர் அல்லாமல் தனியாகக் கார் இறக்குமதி செய்பவர்) ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கார் வேறு மாதிரியும் இருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், பின்னால் ஒயர் சொருகும் இடம் பொருந்தாது. நான் முதலில் வாங்கிய ஜோடியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது இதனால்தான், ஒரு வாரம் வீண்.

முகவரிடம் புதிதாகக் கேட்டால் எனக்குச் சொன்ன விலை ஒரு பக்கத்துக்கு 420 வெள்ளி. பழைய உதிரிபாகக் கடையில் அதே அசல் விளக்கு ஜோடி 220 வெள்ளிக்குக் கிடைத்தது. பழையது வாங்குவதில் தவறில்லை, ஆனால் கடையிலேயே நான்கு விஷயம் பாருங்கள்: வட்ட ஈ முத்திரை, மூடியில் வெடிப்பு, உள்ளே நீராவி படிந்த தடம், பின்பக்கம் பொருத்தும் காதுகள் உடைந்து ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பது.

பொருத்துவது பல கார்களில் எளிது. டிக்கியின் உள்பக்க விரிப்பை விலக்கினால் 10 மில்லிமீட்டர் நட் இரண்டு மூன்று இருக்கும், அதைக் கழற்றி விளக்கை நேராகப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். விளக்குக்கும் தகடுக்கும் நடுவில் இருக்கும் நுரை வளையத்தைக் கண்டிப்பாகப் புதிதாக மாற்றுங்கள். சில வெள்ளிதான் ஆகும். அதை விட்டுவிட்டால் இங்கே அடிக்கும் மழைக்கு டிக்கிக்குள் தண்ணீர் இறங்கி, உதிரி டயர் இருக்கும் குழியில் தேங்கும்.

9. பல்பில் கை வைக்கும்போது

கருப்பு மூடிக்குள் வெளிச்சம் போதவில்லை என்று உள்ளே அதிக வாட் பல்பையோ எல்இடி பல்பையோ போட்டு ஈடுகட்டுகிறவர்கள் உண்டு. என் காரிலும் முன்னவர் அப்படித்தான் செய்திருந்தார். சாதாரண பிரேக் பல்பு 21 வாட், அதோடு சேர்ந்த பின்விளக்கு இழை 5 வாட். அந்த இடத்தில் சூடு அதிகமான பல்பைப் போட்டால் பிளாஸ்டிக் உருகும், சொருகி கருகும். எல்இடி போட்டால் சிக்னல் மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று கார் நினைத்துக்கொண்டு சிக்னலைப் படபடவென்று அடிக்கும். சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள்தான் மினுக்க வேண்டும். விளக்கை மாற்றும்போது பல்புகளையும் கையேட்டில் உள்ளபடி அசல் வகைக்கே திருப்பிவிடுங்கள்.

10. சோதனைக்குப் போகும் நாள் கணக்கு

கார் பதிவாகி மூன்று வருடம் வரை சோதனை தேவையில்லை. மூன்றிலிருந்து பத்து வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பத்து வருடம் தாண்டினால் வருடா வருடம். சோதனையில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லாத காரைச் சாலையில் எடுக்கவே கூடாது, சாலையில் நிறுத்தி வைப்பதும் குற்றம். அதனால் இது பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு: சாலை வரி முடியும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு வாரம் முன்பே விளக்கு வேலையைத் தொடங்குங்கள். நான் எட்டு நாள் இருக்கும்போது சோதனைக்குப் போனேன். தேறாமல் போனதும் காரை நிறுத்திவிட்டுப் பேருந்திலும் டாக்ஸியிலும் வேலைக்குப் போனேன், தாமதக் கட்டணமும் கட்டினேன்.

சோதனைக் கட்டணம் சாதாரணக் காருக்கு 70 வெள்ளி சுற்றில் வரும். தேறாவிட்டால் மறுசோதனைக்குத் தனிக் கட்டணம், என்னிடம் முழுக் கட்டணத்தைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். சின் மிங், காக்கி புக்கிட், புக்கிட் பாத்தோக் என்று பல இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் மாதக் கடைசியையும் சனிக்கிழமையையும் தவிருங்கள், வார நாளில் முற்பகல் போனால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். தேறியதும் முடிவு மின்னியல் முறையில் ஆணையத்துக்குப் போய்விடும், நீங்கள் காகிதம் எதையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

தேறாதபோது கொடுக்கும் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறை என்று எழுதியிருக்கும், பட்டறையில் அதைக் காட்டி "இது மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லலாம். மறுசோதனைக்கு அதே நிலையத்துக்கே போங்கள்.

போகும் முன் இரவே எல்லா விளக்கையும் ஒரு சுற்றுப் பாருங்கள், எண்பலகை விளக்கு உட்பட. விளக்கைச் சரிசெய்துவிட்டு ஜன்னல் டின்ட்டில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். அவரும் செகண்ட்ஹாண்ட் கார்தான் வாங்கியிருந்தார்.

11. காப்புறுதி

காரில் மாற்றம் ஏதும் இருந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. சட்டவிரோதமான மாற்றத்தோடு ஓட்டி, பின்னால் ஒருவர் வந்து இடித்தால், வழக்கமாக இடித்தவர் மேல் போகும் பழி உங்கள் பக்கமும் திரும்ப வழி ஏற்படுகிறது. "பிரேக் விளக்கே தெரியவில்லை" என்று அவர் கேமரா பதிவோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? விபத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போது காரின் எல்லாப் பக்கமும் படம் எடுப்பார்கள், பின்விளக்கும் அதில் வரும்.

விளக்கை மாற்றியதற்கான ரசீதுகளை நான் ஒரு உறையில் போட்டுக் காரிலேயே வைத்திருக்கிறேன். மாற்றிய தேதியோடு, மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் கைபேசியில் இருக்கின்றன.

12. இனிமேல் செகண்ட்ஹாண்ட் கார் பார்க்கப் போகிறீர்களா

பார்க்கப் போகும்போதே மேலே நான்காவதும் ஐந்தாவதும் சொன்னதைச் செய்துவிடுங்கள். மழையைக் காத்திருக்க முடியாதென்றால் வெயிலிலாவது பாருங்கள். விளக்கு கருப்பாக இருந்தால், "அசல் விளக்கைப் பொருத்தி, சோதனையில் தேறிய பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், வாயால் சொன்னது பின்னால் நிற்காது. எழுத மறுத்தால் விளக்கு ஜோடியும் கூலியும் சேர்த்து 500, 600 வெள்ளியாவது விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

காருக்குக் கருப்புத் தோற்றம் பிடித்திருக்கிறது என்றால் அதில் ஒன்றும் தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ரிம்முக்குக் கருப்பு அடிக்கலாம், உள்ளே இருக்கை உறையை மாற்றலாம், ஜன்னலில் அளவுக்குள் டின்ட் ஒட்டலாம். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே முத்திரையோடு அடர்நிறப் பின்விளக்கு தயாரித்திருந்தால், சேஸிஸ் எண்ணோடு முகவரிடம் கேட்டு, அதை உங்கள் காரில் பொருத்தலாமா என்று ஆணையத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

புது விளக்கு போட்ட அன்று மாலை மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு மறுபடி பின்னால் வரச் சொன்னேன். பூன் லே வரை போய்த் திரும்பினோம். வந்து இறங்கியதும், "இப்ப ரெண்டு லாரிக்குப் பின்னாலிருந்தே தெரியுது அத்தான்" என்றான்.